வளரியும் எறிவட்டும்: முதல் எறிகருவியைத் தேர்ந்தெடுப்பதன் வரலாறு

வளரி என்பது தென் தமிழகத்தில் வேட்டைக்கும் போருக்கும் பயன்பட்ட வளைந்த எறிகருவி. பிறைநிலா வடிவில் அமைந்த இது, கையிலிருந்து விடுபட்டதும் சுழன்றபடி சென்று இலக்கைத் தாக்கும். மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் 18ஆம் நூற்றாண்டு வரை இதை எறிவதில் தேர்ந்த வீரர்கள் இருந்தனர். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் அந்த நிலப்பரப்பைச் சேர்ந்ததே.

சுழலும் கருவியை எறியப் பழகும் எவருக்கும் எழும் முதல் கேள்வி, எதை முதலில் கையில் எடுப்பது என்பது. எடை மிகுந்ததையா, இலேசானதையா? வேகமாகப் பாய்வதையா, மெதுவாக மிதப்பதையா? அமெரிக்காவில் பிறந்த டிஸ்க் கோல்ஃப் என்னும் எறிவட்டு விளையாட்டில் இந்தக் கேள்விக்கு எண்களால் எழுதப்பட்ட விடை உண்டு. வளரியில் விடையைச் சொன்னவர் ஆசான். ஆசான்கள் மறைந்தபோது கருவி எஞ்சியது, எறியும் முறை எஞ்சவில்லை. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது வளரிக்கலை எதை இழந்தது என்பது தெளிவாகும்.

பெயரும் வடிவமும்

வளரிக்கு வளைதடி, பாறாவளை, படைவட்டம், கள்ளர்தடி என வேறு பெயர்களும் உண்டு. கள்ளர்தடி என்ற பெயரையே கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் தங்கள் மொழியில் திரித்து எழுதினர். கள்ளர், மறவர் ஆகிய சமூகங்களோடு இக்கருவி நெருங்கிய தொடர்புடையது. கள்ளர் திருமணங்களில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வளரித்தடியை மாற்றிக்கொள்ளும் சடங்கு இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் பதிவுசெய்துள்ளார்.

வளரி பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில் செய்யப்பட்டது. இரும்பு வளரிகளும் இருந்தன. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. பொருள் எதுவானாலும் அமைப்பில் பொதுவான ஒரு தன்மை உண்டு. ஒரு முனை இலேசாகவும் மறுமுனை கனமாகவும் இருக்கும். வெளிவளைவின் விளிம்பு கூராக்கப்பட்டிருக்கும். எறிபவர் இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில முறை சுழற்றி, விசை கூடியதும் விடுவார்.

வளரியைப் பற்றிப் பேசும்போது ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங் உடனே நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் இந்த ஒற்றுமையை வைத்து இரு நிலத்து மக்களுக்கும் இன உறவு உண்டு என்றுகூட வாதிட்டனர். ஆனால் வளைந்த எறிதடி உலகின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றிய கருவி. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையில் எறிதடிகள் கிடைத்தன. போலந்தின் ஒரு குகையில் மாமதத்தின் தந்தத்தில் செய்த எறிதடி கண்டெடுக்கப்பட்டது. குசராத்தின் கோலி மக்கள் கட்டாரியா என்ற எறிதடியைப் பயன்படுத்தினர். எறிந்தவரிடமே திரும்பி வருவது பூமராங் வகைகளுள் ஒன்றின் இயல்பு மட்டுமே. ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்கும் சண்டைக்கும் பயன்பட்டவற்றில் பல திரும்பாதவை. கனத்த முனையுடன் தாக்குவதற்கென்றே அமைந்த வளரியும் திரும்பாத வகையைச் சேர்ந்தது.

சுழற்சியின் பங்கு

சாதாரணக் கம்பு ஒன்றை வீசினால் அது காற்றில் தடுமாறி விழும். அதே கம்பு நன்கு சுழன்றபடி சென்றால் தன் தளத்தை விட்டு எளிதில் சாயாது. பம்பரம் சுழலும்வரை நிற்பதும், சுழற்சி குறைந்ததும் தலையாட்டி விழுவதும் இதே காரணத்தால்தான். வளரிக்கும் எறிவட்டுக்கும் இந்த விதி பொதுவானது. முன்னோக்கிய வேகம் தொலைவைத் தருகிறது. சுழற்சி வேகம் நிலைப்பைத் தருகிறது. இரண்டையும் ஒரே கணத்தில் கை தர வேண்டும்.

பழகுபவரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கனமான கருவியை வீச வலிமை இருந்தாலும், விடும் கணத்தில் மணிக்கட்டு போதிய சுழற்சியைத் தராவிட்டால் கருவி தள்ளாடும். கனமான முனை கையிலிருந்து தொலைவில் இருப்பதால் வளரி நல்ல விசையோடு பாயும். அதே அமைப்பு, விடும் நேரம் சற்றுப் பிசகினாலும் திசையைப் பெரிதும் மாற்றிவிடும். தேர்ந்தவர் கையில் ஆற்றலாக இருக்கும் பண்பு பழகுபவர் கையில் பிழையாக மாறுகிறது. எனவே எறிகருவியில் சிறந்தது எது என்பதைக் கருவியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எறியும் கையையும் சேர்த்துப் பார்த்தே சொல்ல முடியும்.

நரிக்குடியிலிருந்து சிறுவயல் வரை

வளரியின் வரலாற்றில் அதிகம் பேசப்படுபவர்கள் மருது சகோதரர்கள். பெரிய மருது 1748ஆம் ஆண்டிலும் சின்ன மருது 1753ஆம் ஆண்டிலும் நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளத்தில் பிறந்தனர். நரிக்குடி அக்காலத்தில் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தது. 1985இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது விருதுநகர் மாவட்டத்திற்குள் வந்தது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்ற சிவகாசி இம்மாவட்டத்தின் மேற்கில் இருக்க, அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகியவை கிழக்கே உள்ளன. மழை குறைந்த நிலமும் முட்புதர்களும் திறந்த வெளிகளும் கொண்ட பகுதி இது. முயல், காட்டுக்கோழி போன்ற சிறு வேட்டைகளுக்கு எறிதடி ஏற்ற கருவியாக இருந்ததில் வியப்பில்லை.

சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதரிடம் பணியில் சேர்ந்த மருது சகோதரர்கள், 1772இல் காளையார்கோவில் போரில் மன்னர் கொல்லப்பட்டபின் அரசி வேலு நாச்சியாரோடு நின்றனர். ஐதர் அலியின் உதவியுடன் 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. அதன்பின் சீமையின் நிருவாகம் படிப்படியாக மருதுகளின் கைக்கு வந்தது. சின்ன மருது சிறுவயலில் தங்கி ஆட்சியை நடத்தினார். பெரிய மருது வேட்டையிலும் படைத்தொழிலிலும் ஈடுபாடு மிக்கவராக அறியப்பட்டார். இருவரும் வளரி எறிவதில் வல்லவர்கள் என்பது சிவகங்கைப் பகுதியில் இன்றுவரை வழங்கும் செய்தி.

கம்பெனிப் படையிலிருந்து வந்த மாணவர்

வளரி பழகிய ஒருவர் தாமே எழுதிவைத்த குறிப்பு, எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. கம்பெனியின் சென்னைப் படையில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1795ஆம் ஆண்டையொட்டி மதுரையில் பணியாற்றினார். அப்போது சின்ன மருதுவுடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று வெல்ஷ் 1830இல் இலண்டனில் வெளியான தம் நினைவு நூலில் குறிப்பிடுகிறார். தேர்ந்த கையால் எறியப்படும் வளரி நூறு கசத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், குறி தவறாது என்றும் அவர் பதிவுசெய்துள்ளார்.

இச்சான்று வளரியின் எட்டுதொலைவுக்காகப் பலமுறை எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் கவனிக்க வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. அக்கலையை அறியாத அயல்நாட்டு இளைஞர் ஒருவர், சீமையை ஆண்டவரிடமே மாணவராக நின்று பழகியிருக்கிறார். வளரி ஒரு குடிக்குள் மட்டும் மறைத்துவைக்கப்பட்ட கலையாக இருக்கவில்லை, ஆசான் மனம் வைத்தால் வெளியாருக்கும் கற்பிக்கக்கூடியதாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால் முதல் நாள் எந்த எடையில் எந்த வளரி தரப்பட்டது, எத்தனை அடி தொலைவில் குறி வைக்கப்பட்டது என்ற விவரங்களை வெல்ஷ் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அருகில் நின்ற ஆசான் கையைப் பார்த்துக் கருவியை எடுத்துக் கொடுத்திருப்பார். மாணவரும் வாங்கி எறிந்திருப்பார்.

ஆறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1801இல் மருதுகள் கம்பெனிக்கு எதிராகப் போர்க்கொடி உயர்த்தினர். சூன் மாதம் திருச்சியில் சின்ன மருதுவின் அறிக்கை வெளியானது. கர்னல் அக்னியூ தலைமையில் சிறுவயலிலிருந்து காளையார்கோவில் நோக்கிக் காட்டை வெட்டி முன்னேற முயன்ற கம்பெனிப் படையில் வெல்ஷும் இருந்தார். அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட 73 பேர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1818இல் அங்குச் சென்ற வெல்ஷ், தம் ஆசானின் மகனைத் தளர்ந்துபோன நிலையில் சந்தித்ததை வருத்தத்துடன் எழுதியுள்ளார்.

1801க்குப் பின்

போர் முடிந்ததும் 1801 திசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் படைக்கலன்களை வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. படைவீரராக வாழ்ந்த குடிகள் உழவுக்கும் பிற தொழில்களுக்கும் திரும்ப நேர்ந்தது. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியா முழுவதும் கட்டுப்பாட்டை இறுக்கியது.

வளரி ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புதுக்கோட்டைச் சமத்தானத்தில் முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு அது எப்போதாவது பயன்பட்டதாகத் தர்ஸ்டன் தொகுத்த குறிப்பு கூறுகிறது. ஆனால் தேர்ந்த எறிஞர்கள் எவரும் அங்கு எஞ்சவில்லை என்பதையும் அதே குறிப்பு சொல்கிறது. வீடுகளின் பூசை அறையில் மற்றப் பழைய படைக்கலன்களோடு வளரி வைக்கப்பட்டிருந்தது. ஆயுத பூசை நாளில் எடுத்துச் சுரண்டித் துடைத்து வழிபட்டபின் அது மீண்டும் தன் இடத்துக்குப் போனது. சுமார் நூறு ஆண்டுகளில் கைப்பழக்கத்துக்கு உரிய கருவி வழிபாட்டுக்கு உரிய பொருளாக மாறியிருந்தது.

சட்டத்தின் தடை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. வெடிபொருள்களுக்கும் 1884இல் சட்டம் வந்தது. ஆயினும் உரிமம் பெற்றுத் தொழில் செய்ய அச்சட்டம் வழிவிட்டது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. அதன் தொடர்ச்சியாகப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. ஆபத்தான கைத்தொழில் ஒன்று அதே வறண்ட நிலத்தில் வேரூன்றியதற்குக் கற்றுக்கொடுப்போரும் கற்போரும் சந்தையும் இருந்ததே காரணம். வளரிக்குப் போர் இல்லாமல் போனது. வேட்டை சுருங்கியது. போட்டி விளையாட்டாகவும் அது மாறவில்லை. சிலம்பம் கோயில் திருவிழாக்களிலும் ஊர்க்களங்களிலும் தொடர்ந்து ஆடப்பட்டதால் பிழைத்தது. வளரிக்கு அத்தகைய களம் அமையவில்லை.

டிஸ்க் கோல்ஃப்: எண்களாக எழுதப்பட்ட அறிவு

எறிவட்டின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அமெரிக்கரான வால்டர் பிரெடெரிக் மோரிசன் உருவாக்கிய நெகிழித் தட்டை வேம்-ஓ நிறுவனம் 1957இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபிரிஸ்பி என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் தட்டின் மேற்புறத்தில் வளையக் கோடுகளைச் சேர்த்துப் பறத்தலைச் சீராக்கினார். கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் டிஸ்க் கோல்ஃப் களம் அமைந்தது. 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் தொடங்கப்பட்டது. தட்டைத் தடுத்து விழச்செய்யும் சங்கிலிக் கூடை இவ்விளையாட்டின் அடையாளமாயிற்று. கோல்ஃப் போலவே, மிகக் குறைந்த எறிதல்களில் கூடையை அடைபவரே வெல்வார்.

தொடக்கத்தில் எல்லா எறிதலுக்கும் ஒரே வகைத் தட்டுதான் இருந்தது. 1983இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய ஈகிள் என்ற தட்டை வடிவமைத்தார். காற்றைக் கிழித்துச் செல்லும் அந்த விளிம்பால் தட்டின் வேகமும் தொலைவும் கூடின. நெடுந்தொலைவுக்கு எறியும் இத்தகைய தட்டுகள் டிரைவர் எனப்பட்டன. கூடைக்கு அருகிலிருந்து எறிவது பட்டர், இடைத்தொலைவுக்கு உரியது மிட்ரேஞ்ச். கருவி பலவகையானதும், எதை வாங்குவது என்ற கேள்வி பிறந்தது.

அக்கேள்விக்கு விடையாகத் தட்டின் மேலேயே நான்கு எண்கள் அச்சிடப்படுகின்றன. முதல் எண் வேகம், அதாவது தட்டு தன் இயல்பான பாதையில் பறக்க எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பது. இரண்டாவது மிதப்பு. மூன்றாவது, பறத்தலின் முற்பகுதியில் தட்டு எந்த அளவு சாய்ந்து திரும்பும் என்பதைக் குறிக்கும். நான்காவது, வேகம் குறைந்தபின் அது எதிர்ப்பக்கம் எவ்வளவு வளைந்து விழும் என்பது. இன்னோவா நிறுவனத்தின் தட்டுகளில் ஏவியார் என்ற பட்டருக்கு 2, 3, 0, 1 என்றும், லெப்பர்டு என்ற டிரைவருக்கு 6, 5, –2, 1 என்றும், டெஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு 12, 5, –1, 3 என்றும் எண்கள் உண்டு.

முதல் டிரைவர்

புதியவர் பெரும்பாலும் முதல் எண் பெரிதாக இருக்கும் தட்டையே நாடுவார். வேகம் 12 என்றால் 6ஐவிட இருமடங்கு தொலைவு போகும் என்று தோன்றும். நடப்பது வேறு. வேகம் 12 என்பது தட்டு தரும் வேகம் அல்ல, தட்டு கேட்கும் வேகம். பழகாத கை அதைத் தர இயலாது. அப்போது தட்டு மூன்றாம் எண் காட்டும் திருப்பத்துக்கே வராமல் நேராக நான்காம் எண்ணின் வளைவுக்குச் சென்றுவிடும். வலக்கையால் பின்கை முறையில் எறிபவருக்கு அது சிறிது தூரத்திலேயே இடப்பக்கம் சரிந்து விழும். அதே கை லெப்பர்டு போன்ற மெதுவான தட்டை எறிந்தால் அது நேராகச் சென்று இன்னும் தொலைவில் இறங்கும்.

எடைக்கும் இதே கணக்குதான். சங்க விதிப்படி தட்டின் எடை விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமைத் தாண்டக்கூடாது. 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரைவர் இதனால் சுமார் 175 கிராம் வரை இருக்கலாம். கனமான தட்டு எதிர்க்காற்றில் நிலைத்து நிற்கும். ஆனால் 150 முதல் 165 கிராம் வரையுள்ள தட்டைப் புதியவர் எளிதாகச் சுழற்றி விட முடியும். எனவே முதலில் பட்டரையோ மிட்ரேஞ்சையோ நேராக எறியப் பழகி, பிறகு வேகம் 6 அல்லது 7, மூன்றாம் எண் –1 முதல் –3 வரை, நான்காம் எண் 1 என அமைந்த இலேசான டிரைவரை எடுப்பது பொருத்தமானது. கை தேறிய பின் கனமும் வேகமும் கூட்டலாம்.

இந்த அறிவு அனைத்தும் ஒரு காலத்தில் சில எறிஞர்களின் கையில் மட்டும் இருந்தது. அச்சிட்ட எண்களாகவும் விதிகளாகவும் மாறியதால், ஆசான் அருகில் இல்லாத ஊரிலும் ஒருவர் தமக்குரிய தட்டைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

இன்றைய வளரிப் பயிற்சி

அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் சிலம்பப் பயிற்சிக் கூடங்கள் சிலவற்றில் வளரியும் கற்பிக்கப்படுகிறது. அருங்காட்சியகங்களிலும் பழைய குடும்பங்களிலும் உள்ள வளரிகளைப் பார்த்துப் புதியவை செய்யப்படுகின்றன. இங்கே ஒரு கவனம் தேவை. காத்துவைக்கப்பட்டவை பெரும்பாலும் தேர்ந்த வீரர்களின் போர்க்கருவிகள், அல்லது தஞ்சைத் தந்த வளரிகளைப் போல அரண்மனைப் பெருமைக்கு உரியவை. மாணவர் முதல் நாள் எறிந்து உடைத்த சாதாரண மரத்தடியை எவரும் பூசை அறையில் வைத்திருக்க மாட்டார். எஞ்சிய வளரியை அப்படியே படியெடுத்துப் பழகுபவர் கையில் கொடுப்பது, வேகம் 12 என்று அச்சிட்ட தட்டைப் புதியவருக்குக் கொடுப்பதற்கு ஒப்பானது. விளைவு அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். தவறிய தட்டைப் புதரில் தேடி எடுக்கலாம். கூரிய விளிம்புள்ள வளரி தவறினால் அருகில் நிற்பவருக்குக் காயம் நேரும்.

ஆகவே கூரற்ற, இலேசான, முனைகளின் எடை வேறுபாடு குறைந்த மரக்கருவியில் தொடங்கி, திறந்த வெளியில், குறுகிய தொலைவில் சுழற்சியைச் சீராக்கியபின் கனத்தைக் கூட்டுவதே எறிதலின் இயல்புக்கு ஏற்ற வழி. அதற்குத் துணையாக, கிடைத்துள்ள ஒவ்வொரு வளரியின் எடை, நீளம், வளைவு, எடை சமனாகும் புள்ளி, மரவகை ஆகியவற்றை அளந்து பதிவுசெய்யலாம். அவற்றின் படிகளைப் பல்வேறு எடைகளில் செய்து எறிந்து, எது எவ்வளவு தொலைவு, எந்தப் பாதையில் செல்கிறது என்பதையும் எழுதிவைக்கலாம். சின்ன மருது தம் மாணவரின் கையைப் பார்த்து முடிவுசெய்த ஒன்றை, அத்தகைய அளவுகள் சேர்ந்தால் நரிக்குடியிலோ சிவகாசியிலோ வளரியை முதன்முறை கையில் எடுக்கும் மாணவரும் ஓரளவு தெரிந்துகொள்ள முடியும்.